பதிவு செய்த உயிலை மாற்றலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. தன் சுயசம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை அண்ணன் பெயருக்கு உயில் எழுதி, பதிவும் செய்து வைத்திருக்கிறார். இப்போது மகளான எனக்கும் பாதி தர நினைக்கிறார். பழைய உயிலிலேயே அடித்துத் திருத்தலாமா? திரும்பவும் பதிவு செய்ய வேண்டுமா? நாளை அண்ணன் வழக்குப் போட்டால் உயில் நிற்குமா?

பதில்: பழைய உயிலில் பேனாவே படக்கூடாது. 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கையெழுத்தாகி முடிந்த உயிலில் பிறகு அடிப்பதும் இடையில் எழுதுவதும் சும்மா செல்லுபடியாகாது. அந்தத் திருத்தத்தை ஒட்டி அப்பாவும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சின்னத் திருத்தம் என்றால், பழைய உயிலோடு சேர்த்துப் படிக்கும்படி தனியாக எழுதும் துணை உயில் போதும். இங்கே வீடே இரண்டாகப் பிரிகிறது, புதிதாக எழுதிவிடுங்கள். பழைய உயிலின் தேதியையும் ஆவண எண்ணையும் குறிப்பிட்டு, அதை ரத்து செய்வதாக அதிலேயே எழுதிவிட வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை. முத்திரைத் தாளும் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். பதிவான உயிலைக்கூட, முறையாக எழுதிய பிந்தைய உயில் பதிவாகாமலேயே ரத்து செய்யும். ஆனாலும் அண்ணன் கையில் பதிவான உயில் இருக்கும்போது, புதியதையும் பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

பலரும் சறுக்குவது சாட்சி விஷயத்தில்தான். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அப்பா கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்முன் தாங்களும் கையெழுத்திட வேண்டும். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது. பதிவான உயிலாக இருந்தாலும், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்லியாக வேண்டும். அதனால் அப்பாவின் வயதொத்த நண்பர்களைவிட, இளையவர்களாக, தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். நீங்களோ உங்கள் கணவரோ சாட்சியாக வேண்டாம்.

அண்ணன் வழக்குக்கு வருவோம். உயிலால் பலன் பெறுபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றால், நீதிமன்றம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டி உரிமை கேட்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. ஆகவே வக்கீலைப் பிடிப்பது, வாசகம் சொல்வது, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது எதுவும் உங்கள் வேலையல்ல. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான யோசனையே இதுதான்: தள்ளி இருங்கள். அப்பா தானே வக்கீலிடம் பேசட்டும். ஏன் மனம் மாறினார் என்பதை அவருடைய வார்த்தையிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று அன்றைய தேதியிலேயே மருத்துவரிடம் சான்று வாங்கி வைப்பதும் உதவும்.

யாராவது 'உயிலெல்லாம் எதுக்கு, பேசாமல் தான செட்டில்மென்ட் எழுதிடுங்க' என்பார்கள். அது, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். எழுதிப் பதிவு செய்ததும் உரிமை கைமாறிவிடும். பிறகு மனம் மாறினால் உயிலைப்போல நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. அப்பா குடியிருக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய உயிலின் அசலும் உங்கள் பீரோவில் இருக்க வேண்டாம். அப்பா விரும்பினால் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கலாம்.