கீசர் அடியில் சொட்டுது: டேங்க் போச்சா, வால்வா?

15 லிட்டர் கீசர், நாலு வருஷம், போர் தண்ணி, அடியில் சொட்டுது என்று எழுதியிருக்கீங்க. உடனே புதுசு வாங்கிடாதீங்க. முதலில் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அடிப்பாகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒட்டுங்க. முதலில் நனையும் இடம்தான் ஊற்று.

சூடேறும்போது மட்டும் சேஃப்டி வால்வில் (அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து தண்ணியை வெளியே விடும் வால்வு) சொட்டினால் அது பழுதே இல்லை. 25 டிகிரி தண்ணி 75க்குப் போகும்போது 15 லிட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் பெருகும். அது வெளியேற அந்த வழிதான். தயவுசெய்து அந்த வாயை அடைக்காதீங்க, டேங்க் வெடிக்கும்.

ஆறிய பிறகும் சொட்டுதா? மொட்டைமாடி டேங்க் மட்டும்தான் என்றால் 10 மீட்டர் உயரத்துக்கே 1 பார் அழுத்தம்தான், வால்வோ பொதுவாக 8 பாரில்தான் திறக்கும். அப்படியென்றால் வால்வுக்குள் உப்புத் துணுக்கு சிக்கியிருக்கும். வால்வை மாற்றினால் போதும். பிரஷர் பம்ப் இருந்தால் அதன் அழுத்தத்தையும் பாருங்க.

எலிமென்ட் (தண்ணியைச் சூடாக்கும் கம்பி) மாட்டியிருக்கும் தட்டின் ஓரத்தில் கசிந்தால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும். எம்சிபியை (கீசருக்குக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, தண்ணி உள்ளே வரும் இன்லெட்டை மூடி, தண்ணியை வடித்தபின்தான் கழற்றணும். மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. கழற்றிய கையோடு மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் அரிபடும் கம்பி) பாருங்க: பாதியாகத் தேய்ந்து உள்கம்பி தெரிந்தால் மாற்றிடுங்க. போர் தண்ணிக்கு இதை வருஷா வருஷம் பார்க்கணும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

துருநிறத் தண்ணி வெளி உறையின் இடுக்கிலிருந்து வந்தால் மட்டும் டேங்க் ஓட்டை. அதை ஒட்டவைக்க முடியாது.