ஓவர்லோடு ஏற்றும் லாரி டிரைவர்களின் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது?

கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முன்னால் போன டிப்பரிலிருந்து உங்கள் கார் கண்ணாடியில் ஜல்லி தெறித்திருக்கும், அந்தக் கோபம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பத்து சக்கர டிப்பர் வைத்து நானே ஓட்டுகிறவன். இந்த வகை வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்று இருந்ததை 2018-ல் 28.5 ஆக்கினார்கள். ஆனால் கல் உடைக்கும் கிரஷரில் டன் பார்த்தா ஏற்றுகிறார்கள்? பொக்லைன் பக்கெட் கணக்குதான். மழை நாளில் எம்-சாண்ட் தண்ணீர் குடித்திருக்கும். பக்கெட் அதேதான், எடை எகிறிவிடும்.

போன ஐப்பசியில் அப்படித்தான். பின் ஸ்பிரிங் பட்டை தட்டையாக அமுங்கி, பாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எடை மேடை ஏறினால் மூன்று டன் அதிகம். குறைக்கச் சொன்னேன். சீட்டு போடுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இப்படித்தாண்ணே போறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" பின்னால் ஒரே ஹாரன். நான் மேடையை விட்டு நகரவில்லை. கடைசியில் பொக்லைன் வந்து அள்ளியது. அப்புறம் ரொம்ப நாளைக்கு அங்கிருந்து எனக்கு லோடே வரவில்லை.

பிடிபட்டால் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, இறக்குகூலியும் தனி. எடை போட மறுத்தால் 40,000. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு ஓட்ட வைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் சோதனை நடப்பது ரோட்டில், அங்கே கையில் சிக்குபவன் டிரைவர். கிரஷர் வாசல் எடை மேடையில் எல்லாம் பதிவாகிறதே, அதைப் போய்ப் பார்த்தால் என்ன?

டிரைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பலகை வைத்து உயர்த்திக் கட்டி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் லைசென்ஸைத் தாராளமாகப் பிடுங்குங்கள். ரோடு கெடுவது பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அச்சின் மேல் பாரம் இரட்டிப்பானால் சேதம் சுமார் 16 மடங்கு என்று எனக்கும் தெரியும். அந்தக் குழியில் முதலில் விழுவதும் எங்கள் டயர்தான்.