மந்திரத்தை அறிவியல் முறையில் சோதிக்க முடியுமா?

முடியும் என்பதே என் பதில். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறிவியல் முதலில் கேட்பதில்லை. சொன்னது நடக்கிறதா என்றுதான் கேட்கிறது. இன்னது நிகழும் என்று ஒருவர் சொல்லிவிட்டாலே அந்தக் கூற்று சோதனைக்கு உட்பட்டதாகிவிடுகிறது.

இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் விடுத்த அறைகூவல் இதற்கு நல்ல முன்மாதிரி. மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்த அவர், எவற்றைச் செய்து காட்டலாம் என்றும் பட்டியலிட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது அவற்றுள் ஒன்று. உறையைப் பிரித்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும்; வாதத்துக்கே இடமில்லை. 1978இல் அவர் மறையும் வரை அந்தப் பரிசை எவரும் பெறவில்லை.

குருட்டாம்போக்கில் சொன்னாலும் பலிக்கக்கூடிய கூற்றுகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உடலைத் தொடாமலே அதைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன 21 பேரை, அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தாள். தடுப்பு அட்டையின் துளைகள் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்ட, மறுபுறம் இருந்த அவள் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கு ஏற்ப ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னாலே பாதி சரியாக அமையும். 280 முறைகளில் அவர்கள் சரியாகச் சொன்னதோ 44 விழுக்காடுதான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1998இல் அது வெளியானது.

எங்கள் வீட்டில் அம்மாவின் சங்கிலி காணாமற்போனபோது மை போட்டுப் பார்த்தவர், "வீட்டுக்கு வந்து போகிற பெண் கை, தெற்குத் திசை" என்றார். பாத்திரம் துலக்க வந்த அக்காவிடம் அதன்பின் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வேலையை விட்டு நின்றுகொண்டார். நான்கு மாதம் கழித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் சங்கிலி கிடைத்தது. மை பார்த்தவரிடம் சொன்னபோது, "தையல் மெஷின் தெற்குச் சுவரோரம்தானே இருக்கிறது?" என்று கேட்டார்.

எது நடந்தால் தோல்வி என்பதை முன்கூட்டியே எழுதி இருதரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்த அறை, எந்தப் பொருளுக்குள் என்று அன்றே எழுதி வாங்கியிருந்தால், அந்த அக்கா மீது பழி விழுந்திருக்காது. அம்மா பிறகு அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை.