அணில் முதுகின் கோடுகள்

அன்புள்ள ஐயா,

சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை இராமன் தடவிக்கொடுத்ததால் அதன் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்ற கதையை என் மகளுக்குச் சொன்னேன். “அதற்கு முன்னால் அணிலுக்குக் கோடே இல்லையா?” என்று கேட்டுவிட்டாள். இத்தகைய கதைகள் அறிவியல் வளராத காலத்தில் இயற்கைக்குக் கற்பித்துக்கொண்ட காரணங்கள்தாமே? இவற்றை இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

செ., கோவில்பட்டி

அன்புள்ள செ.,

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவரின் குடிசை ஒன்று வருகிறது. வேல்முனை போலக் கூர்த்த ஈச்ச ஓலையால் வேய்ந்த அதன் கூரை, பார்ப்பதற்கு முள்ளம்பன்றியின் முதுகு போல இருக்கிறது; அதனால் எலியும் ‘வரிப்புற அணிலும்’, அதாவது முதுகில் கோடுள்ள அணிலும், அதன்மேல் ஓடியாடுவதில்லை என்கிறார் புலவர். புறநானூறு 307ஆம் பாட்டிலும் ‘வரி அணில்’ உண்டு. இராமன் கதை அக்காலத்தார்க்குத் தெரியாததன்று. ஆலமரத்தடியில் அவன் மறை ஆராய்கையில் பறவைகளின் ஒலியை அடக்கியதை அகநானூறு 70 உவமையாக்குகிறது. ஆயினும் அணிலைப் பாடிய இவ்விரு இடங்களிலும் வரிக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சேது கட்டிய அணில் வான்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை 27ஆம் பாசுரத்தில் இருக்கிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிவர, நீரில் குளித்துக் கரையில் புரண்டு ஓடிக் கடலை அடைக்க முயன்ற ‘சலமிலா அணிலம்’ (வஞ்சமில்லாத அணில்) போலக்கூட நான் இல்லையே, அரங்கனுக்கு ஆட்செய்யாமல் அயர்கின்றேனே என்று ஆழ்வார் தம்மை நொந்துகொள்கிறார். அங்கே இராமன் அணிலைத் தடவவும் இல்லை, கோடு விழவும் இல்லை. முதலில் தொண்டின் கதை இருந்தது, கோடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். அப்படியானால் நீங்கள் சொன்ன ‘காரணம் கற்பித்தல்’ இந்தக் கதையைப் பொறுத்தவரை பொருந்தாது. கோடு ஏன் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சிறிய உயிரின் உழைப்பும் கணக்கில் சேர்ந்தது என்பதற்குக் கண்முன் ஓடித்திரியும் சாட்சி ஒன்று வேண்டியிருந்தது.

அறிவியலின் வேலை வேறு. அணிலைப் போலவே முதுகில் கோடுள்ள ஆப்பிரிக்க வரிச்சுண்டெலியின் வெளிர்க்கோடுகளில் ஒரு மரபணு கூடுதலாகச் செயல்பட்டு, நிறமிச் செல்கள் முதிராமல் தடுக்கிறது என்று 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகும் அணில் கதையில் எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

ஆகவே தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உயிரியல் பாடமாகச் சொல்லாதீர்கள். மகள் கேட்டதற்கு, கோடு எப்போதும் இருந்தது, கதைதான் பிறகு வந்தது என்பதே நேர்மையான பதில். கூடவே ஓர் எச்சரிக்கை: நம் பக்கத்து அணிலுக்கு மூன்று கோடு, விரல் கணக்குச் சரியாக வருகிறது. வட இந்தியச் சமவெளியில் பரவலாகத் திரிவதோ ஐந்து கோட்டு அணில். அதைப் பார்த்துவிட்டு மீதி இரண்டை யார் போட்டது என்று அவள் கேட்டால், அதற்கான கதையை நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.