டைரேட் முதல் ஃபிலிப்பிக் வரை: கோபப் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

கே: ஆங்கிலச் செய்திகளில் வரும் 'டைரேட்' வெறும் திட்டுதானே?
'போடா முட்டாள்' என்பதும் திட்டுதான், ஆனால் டைரேட் ஆகாது. கோபத்தோடு நீளமும் வேண்டும். எதிரில் நிற்பவருக்கு வாய் திறக்க இடமே கிடைக்கக் கூடாது. சில்லறை இல்லாத ஒருவரைக் கண்டக்டர் ஏறிய ஸ்டாப்பிலிருந்து இறங்கும் ஸ்டாப் வரை பிடிபிடியென்று பிடித்தால் அது டைரேட். 'இழுப்பது' என்ற பொருளுள்ள இத்தாலிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். பிரெஞ்சு நாடகத்தில் ஒரு பாத்திரம் நிறுத்தாமல் பேசும் நீள வசனத்துக்கும் இதே பெயர். அது காதல் வசனமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் யார் மீது என்று சொல்ல இதனோடு 'அகெய்ன்ஸ்ட்' சேர்த்து எழுதுங்கள். வினைச்சொல்லாக்கி 'டைரேடட்' என்று எழுத வேண்டாம்.

கே: டைரேடா, டிரேடா?
டைரேட். பிரிட்டிஷார் 'ரேட்'டில் அழுத்துவார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'டை'யில்.

கே: 'டயட்ரைப்' என்பதில் பழங்குடியைக் குறிக்கும் 'ட்ரைப்' இருக்கிறதே?
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ட்ரைப்' லத்தீன், 'டயட்ரைப்' கிரேக்கம். அதன் பொருள் முதலில் பொழுதைத் தேய்ப்பது, அப்புறம் பண்டிதர் உரை, கடைசியில்தான் கடும் கண்டனம். எழுத்தில் வரும் தாக்குதலுக்கும் பொருந்தும்.

கே: அப்படியானால் இணைச்சொல் அகராதி பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?
கூடாது. எத்தனை முறை சொல்வது! உதாரண வாக்கியம் பார்க்காமல் சொல்லை மாற்றாதீர்கள். ஒருவரைப் பிடித்து ஆவேசமாகப் பேசித் தள்ளும் 'ஹராங்' வினையாகவும் வரும். ஆளை நேரடியாக எடுக்கும், நடுவில் 'அட்' வராது. கோபத்தில் கத்தும் 'ரான்ட்' வினையாக வந்தால் 'அட்' வேண்டும்.

கே: ஃபிலிப்பிக்?
எனக்குப் பிடித்த சொல். ஒருவரைக் கடுமையாகத் தாக்கும் மேடைப் பேச்சு. மாசிடோனிய மன்னன் இரண்டாம் ஃபிலிப் வளர்ந்துவந்தபோது, ஏதென்ஸ்காரர்களை உசுப்ப அவர்களுடைய பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கி.மு. 351இல் தொடங்கிப் பேசிய பேச்சுகளிலிருந்து வந்த பெயர். சுமார் 300 ஆண்டுகள் கழித்து ரோமில் சிசரோ, மார்க் ஆண்டனியைத் தாக்கிய தன் 14 உரைகளுக்கும் அதே பெயரை வைத்தார். அவற்றில் மிகக் காட்டமான இரண்டாவது உரை மேடை ஏறவே இல்லை, எழுத்தாகத்தான் சுற்றியது. கி.மு. 43இல் ஆண்டனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்று, தலையையும் கையையும் அவர் பேசிய அதே மேடையில் காட்சிக்கு வைத்தார்கள்.

கே: பாண்டியன் அவையில் கண்ணகி பேசியதும் ஃபிலிப்பிக்தானே?
இல்லை. அது வழக்கு. ஊர் சொல்கிறாள், கணவன் பெயர் சொல்கிறாள், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்ததும் தீர்ப்பு தெரிந்துவிடுகிறது.

கே: 'தேரா மன்னா' என்றுதானே ஆரம்பிக்கிறாள்! அது வசை இல்லையா?
வசைதான், ஒரே ஒரு விளி. உடனே சிபிக்கும் மனுநீதிச் சோழனுக்கும் போய்விடுகிறாள். நடுவில் மன்னன் பதிலும் பேசுகிறான். டைரேட்டில் அதற்கு இடம் ஏது?

கே: மதுரையை ஒழிப்பேன் என்றாளே, அது?
வஞ்சினம். டைரேட் பேசியவர் முடித்ததும் மூச்சு வாங்குவார், தண்ணீர் கேட்பார். வஞ்சினம் கூறியவள் போய் ஊரை எரித்தாள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இதைப் பற்றி இன்னும் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. என் பதில் இதேதான்.

கே: டிரேட் என்றும் சொல்லலாமா?
மேலே இரண்டாவது பதில்.

கே: தமிழில்?
வசவாகக் கொட்டினால் வசைமாரி. மற்றபடி 'பொரிந்து தள்ளினார்'.

கே: மேனேஜர் மீட்டிங்கில் கத்தியதை எச்.ஆருக்கு எழுதும் மெயிலில் டைரேட் எனலாமா?
வேண்டாம். அவர் பேச்சில் நியாயமில்லை என்ற தீர்ப்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. என்ன சொன்னார், எத்தனை நிமிடம் கத்தினார், யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.