அம்மாவுக்கு ரத்த உறைவு இருந்தால், கர்ப்பத்தில் எனக்கு பிரஷர் வருமா?

கடலூரில் 10 வாரக் கர்ப்பிணி கேட்கிறார்: அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்ததாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டால் பிரஷர் வராதா?

அதற்காக ஊசி வேண்டாம். ஃபேக்டர் 5 லெய்டன் போன்ற, ரத்தம் எளிதில் உறையவைக்கும் பரம்பரைக் குறைகளுக்கும் கர்ப்பகால பிரஷருக்கும் தொடர்பு பலவீனம்தான். ஹெப்பாரின் என்பது ரத்த உறைவு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு. புரோட்டீன் எஸ் (உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம்) சோதனையை இப்போது எடுத்தால் வீண்பயம்தான் மிச்சம்: கர்ப்பத்தில் அது இயல்பாகவே குறையும். பிரசவமாகி 6 வாரமாவது போகட்டும். பிரஷரோடு நிஜமாகவே ஒட்டி வருவது ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு (உடலின் எதிர்ப்பு சக்தியே தடம்மாறி ரத்தத்தை உறையவைப்பது). அது பெரும்பாலும் பரம்பரையல்ல.

பிரஷர் ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால், 12 முதல் 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் (75–150 மி.கி., இரவில்) தொடங்குவார். பிரஷரின் மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ விடியும்வரை காத்திராமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கிளம்புங்கள்.