பழைய பசையின் மேல் பூசாதீர்கள், தம்பி

குளிர் விட்டதும் பார்த்தால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியிருந்த வெள்ளைப் பசை வெடித்துக் கிடக்கிறது, அதன் மேலேயே சிலிக்கான் பசை பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. இங்கே வந்த புதிதில் நானும் அப்படித்தான் பூசினேன். சில வாரத்தில் நாடா உரிகிற மாதிரி மொத்தமும் கையோடு வந்துவிட்டது. பழைய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது.

சட்டம் குளிரில் சுருங்கும், வெயிலில் விரியும். அதனால் பசையில் விட்ட கீறலில் தண்ணீர் புகுந்து உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்து, கீறலை இன்னும் அகட்டும். அதனால் பழையதைக் கத்தியால் கீறி முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். வேலையில் முக்கால் பங்கு இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். பூசுவது அரை மணி நேரம்கூட ஆகாது. பசைக் குழாயின் மூக்கைச் சாய்வாக, சின்னதாக வெட்டி, கையை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து, உடனே ஈர விரலால் தடவிவிட வேண்டும். இடுக்கு விரல் நுழைகிற அகலம் இருந்தால் முதலில் நுரைக் கயிறு திணித்துவிட்டுப் பூசுங்கள். மேலே பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அக்ரிலிக் பசை வாங்குங்கள். சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. பெரும்பாலான பசைக்கு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஒரு நாளாவது மழை படக்கூடாது. வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், பல இடங்களில் அது அவர் பொறுப்பு.

இதைவிட முக்கியமானது ஒன்று. பல ஜன்னல்களில் சட்டத்தின் அடிப்பக்கம், வெளியே, நகம் அகலத்துக்கு ஒன்றிரண்டு துளைகள் தெரியும். அவற்றை இடுக்கு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. என் நண்பர் ஒருவர் காற்று வருகிறதென்று எல்லாவற்றையும் அடைத்தார். தண்ணீர் உள்பக்கம் திரும்பி, ஜன்னலடி மரம் கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்குகிற அளவுக்கு உளுத்துப்போனது. திறந்து மூடும் பாகத்திலும் பசை கூடாது, அங்கே ரப்பர் பட்டைதான் மாற்ற வேண்டும்.

பசை காய்ந்த மறுநாள், ஜன்னலைத் திறந்து கீழ்த்தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துளை வழியாக வெளியே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்தித் திறந்துவிடுங்கள்.